கன்னத்தில் விழுந்த சொட்டு

“டாக்டர் சீட்டு இல்லாம இந்த மருந்து தர முடியாதுங்க.”

கோகிலவாணி தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள். காலை ஒன்பது மணிக்கு மருந்துக் கடைக்குள் வந்து நின்றவள். இப்போது மணி ஐந்தரை. ஆடிக் காற்று பல்லடம் பஸ் ஸ்டாண்டின் புழுதியை வாரிக்கொண்டு வந்து கடைக்குள் கொட்டுவதும், அவள் கண்ணாடி மேஜையைத் துடைப்பதும், அது மறுபடி கொட்டுவதுமாக ஒரு பகல் முழுக்கப் போயிருந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா வேறு ஒரு ஜாதக நோட்டோடு உட்கார்ந்திருப்பாள்...

“ஏனுங்க, ரெண்டு வருசமா இதைத்தானுங்க ஊத்தறேன். இன்னிக்கு என்னங்க புதுசா சீட்டு?”

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

எதிரே நின்றவனுக்கு முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். நல்ல உயரம். முடியில், மீசையில், சட்டைத் தோளில் எல்லாம் பஞ்சுத் தூசி. தறிக்காரர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில் காலியான கண் மருந்து டப்பி ஒன்று. ஆனால் அவள் பார்த்தது அந்தக் கண்களைத்தான். இரண்டும் செக்கச்செவேலென்று, மூன்று நாள் தூங்காதவை போல... அந்தச் சிவப்புக்கு நடுவிலும் என்ன அழகான கண்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. சீ, போ என்று அதை விரட்டினாள்.

“ரெண்டு வருசமாவா?”

“தூசி பட்டா அரிக்குமுங்க. ரெண்டு சொட்டு உட்டா அஞ்சு நிமிசத்துல கண்ணு வெள்ளையாயிரும். எங்க தறிக்குடோன்ல எல்லாருக்கும் இதேதானுங்க. ஒரே டப்பி.”

ஒரே டப்பியா... கோகிலவாணி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். மருந்துப் படிப்பு படித்தவள். இந்த டப்பியைப் பற்றி வாத்தியார் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

“இது ஸ்டீராய்டு மருந்துங்க. டாக்டர் சொன்னா, சொன்ன நாளைக்கு மட்டும் ஊத்தோணும். வருசக்கணக்கா ஊத்தினா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறிக்கும். வலிக்காது, ஒண்ணும் தெரியாது. தெரியற அன்னிக்குப் பாதிப் பார்வை போயிருக்கும். கோயமுத்தூர் போயிக் கண்ணைக் காட்டுங்க.”

“தறிய நிறுத்திப்போட்டுக் கோயமுத்தூர் போகோணுமாக்கும்?” அவன் சிரித்தான். சிரிப்பில் எரிச்சல் இருந்தது. “உங்க கண்ணுக்கே சோடாப் புட்டி மாட்டியிருக்கறீங்க. நீங்க என்ற கண்ணுக்கு வைத்தியம் சொல்றீங்க.”

கடை முதலாளி சுப்பண்ணன் கல்லாவில் இருந்தபடி கனைத்தார். கோகிலவாணி மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இருபத்தெட்டு வயதில் இந்த வார்த்தையை அவள் கேட்பது எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது. இருந்தும் சுருக்கென்றது. புதிதாகக் கேட்கிற மாதிரியே.

அவன் எதிர்சாரியில் இருந்த இன்னொரு கடைக்குப் போனான். அங்கே யாரும் சீட்டு கேட்கவில்லை. வாசலிலேயே நின்று, தலையை அண்ணாந்து, ஊற்றிக்கொண்டான்.

“வர்ற லட்சுமிய வெரட்டாதே அம்மணி,” என்றார் சுப்பண்ணன்.

“அது லட்சுமி இல்லீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மறுபடி மேஜையைத் துடைத்தாள்.

சோடாப் புட்டி... அது முகத்தில் ஏறிய கதையும் ஒரு பெரிய கதைதான். நாலாம் வகுப்பிலேயே கரும்பலகை அவளுக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாள். காப்பியடிக்கிறாள் என்று டீச்சர் கையை நீட்டச் சொல்லி அடித்தார். வீட்டில் சொன்னால் பொன்னாங்கண்ணிக் கீரை, கண்ணில் இரண்டு சொட்டுத் தேன், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு சொட்டு மருந்து. எரிந்ததுதான் மிச்சம். “பொட்டப்புள்ளைக்குக் கண்ணாடி மாட்டிப்போட்டா எவன் கட்டுவான்?” என்று அம்மா பழனியாத்தாள் நாலு வருஷம் தள்ளிப்போட்டாள். எட்டாம் வகுப்பில் எதிரே வந்த சைக்கிள் தெரியாமல் அதன்மேல் போய் விழுந்து கை முறிந்தது. அதற்கப்புறம்தான் டாக்டர். மூன்று நாள் கண்ணில் மருந்து போட்டு, கண்மணிப் பாப்பாவை விரித்து, சோதித்துவிட்டு அவர் அப்பாவைத் திட்டிய திட்டு இருக்கிறதே... அப்போதே மைனஸ் ஐந்து. இப்போது ஒன்பது.

அம்மா பயந்தது மட்டும் அப்படியே பலித்தது. எட்டு மாப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணாடியைப் பிடுங்கி ஒளித்துவைப்பாள். “மொதல்ல மூஞ்சி புடிக்கட்டும் கண்ணு. அப்பறம் சொல்லிக்கலாம்.” எட்டாவதாக வந்தவர்கள் உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணப் பேச்சையும் உறுதி பண்ணிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்து, கண்ணாடியோடு இவளைப் பார்த்துவிட்டாள். மறுநாளே சம்பந்தம் முறிந்தது. “மறைச்சுப்போட்டீங்களே” என்று அவர்கள் கேட்டபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அன்றிலிருந்து கோகிலவாணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடியோடு தன்னைப் பார்த்துச் சம்மதம் சொல்கிறவன் வேண்டும். வராவிட்டால் போகட்டும். ஒளித்துவைத்துத் தள்ளிவிடுகிற சரக்காக இனி ஒரு முறை போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. தூறல். அவன் கடைப் படிக்குக் கீழேயே நின்றான். ஏறவில்லை.

“என்னங்க வேணும்?”

“ஒண்ணும் வாங்க வரலீங்க.” குரல் இறங்கியிருந்தது. “ட்யூப் லைட்டைப் பாத்தா... சுத்தி வளையமாத் தெரியுதுங்க. வானவில்லு மாதர. ரெண்டு நாளா தலைவலி வேற. அன்னிக்கு நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் ‘எதிர்க்கடையில கேளுங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயம்தான் வந்தது... யாரோ ஒருவனுக்காக.

ஒரு துண்டுச் சீட்டில் அந்த மருந்தின் பெயரை எழுதினாள். ‘இரண்டு வருடம்’ என்று கீழே எழுதி இரண்டு கோடு போட்டாள். “நாளைக்கு மொதல் பஸ்ஸுக்குப் போங்க. இதை டாக்டர்கிட்ட காட்டுங்க. உண்மையச் சொல்லுங்க, கொறைச்சுச் சொல்லாதீங்க. வண்டியில போகாதீங்க, கண்ணுல மருந்து ஊத்திப் பாப்பாவை விரிப்பாங்க. வரும்போது எழுத்து எதுவும் தெரியாது.”

“சரிங்க.” சீட்டை வாங்கிக்கொண்டான். போகத் திரும்பியவன் நின்றான். “நான் கிருபாசங்கருங்க.”

அவளுடைய பெயரை அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளி, அவளுக்கு வார விடுமுறை. கண்ணாடியின் திருகு ஒன்று கழன்று, நூல் கட்டி ஒரு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கோயமுத்தூரில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமையே ஏன் தோன்றியது என்று அவளைக் கேட்கக் கூடாது.

சாயங்காலம் திரும்புகிற நேரத்துக்குக் கோயமுத்தூரில் நல்ல மழை. பல்லடம் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அலைந்த பாதங்கள் விண்விண்ணென்று தெறித்தன. ஒரு பெரிய கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. நனைந்த தலை. கண்களைச் சுருக்கிக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, “ஏனுங்க, இது பல்லடம் போறதுங்களா?” என்றது குரல்.

“சோடாப் புட்டி சொல்றதை நம்பறதா இருந்தா ஏறுங்க.”

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அப்புறம் அந்த நனைந்த முகம் முழுவதும் சிரிப்பு வந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்தான். கண்டக்டர் கொடுத்த சீட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான், தூரத்தில் வைத்துப் பார்த்தான். தோல்வியோடு பையில் போட்டான். பஸ் சூலூர் தாண்டியது. ஜன்னல் மூடிய புழுக்கத்தில் அவளுடைய கண்ணாடி ஆவி படிந்துவிட்டது. கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“கண்ணாடி இல்லாம உங்க கண்ணு...” என்று பின்னாலிருந்து, ஜன்னலில் தெரிந்த அவள் பிம்பத்தைப் பார்த்து ஆரம்பித்தான்.

“என்னங்க?”

“பெருசா இருக்குதுங்க.”

“உங்களுக்கு இன்னிக்கு எதுவும் சரியாத் தெரியாதுங்க. பேசாம வாங்க.”

அவளுக்கு எதற்கோ காது மடல் சூடானது. எட்டு மாப்பிள்ளைகள் பார்த்த கண்கள்தான். பெரிதாக இருக்கிறது என்று ஒருவன்கூடச் சொன்னதில்லை... அப்படிச் சொன்னவனுக்கும் இன்றைக்குப் பார்வை சரியில்லை. அவள் ராசி அப்படி.

“டாக்டரு என்ன சொன்னாருங்க?” என்று திரும்பாமலேயே கேட்டாள்.

பின்னால் மருந்துப் பை சரசரத்தது.

“நீங்க சொன்னதேதானுங்க. பிரஷரு. எடது கண்ணுல ஓரப் பார்வை கொஞ்சம் போயிருச்சாம். போனது வராதாம். அந்த மருந்தை நிறுத்திப்போட்டு இன்னொண்ணு குடுத்திருக்காரு. காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி, நாள் தவறாம... ஆயுசுக்கும்.” நிறுத்தினான். “ரெண்டு கண்ணும் போயிட்டா நூல் அந்து போனது எப்படிங்க தெரியும்? எட்டுத் தறி ஓடுது. எனக்கு வேற தொழிலும் தெரியாது.”

அவள் இப்போது திரும்பினாள்.

“போனது வராதுங்க. ஆனா நேரந்தவறாம ஊத்தினா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். தவற உடாதீங்க. வேற ஒண்ணும் நெனைக்காதீங்க.”

“அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்புங்க,” என்றான். “அலுப்புல வாய்ல வந்துருச்சு. வாரம் பூரா ராத்திரித் தறி... மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்கலீங்க,” என்றாள். பச்சைப் பொய். பதினைந்து நாளாக வைத்துக்கொண்டிருந்ததுதான். ஆனால் சொன்ன நிமிஷத்தில் அது உண்மையாகிப் போனதை என்னவென்று சொல்வது...

*

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வந்தான்.

“எனக்கு ஊத்தத் தெரியலீங்க. பாதி கன்னத்துல ஓடுது. விழுந்துச்சா இல்லையான்னு நீங்க சித்தெ பாத்துச் சொன்னாப் போதும்.”

சுப்பண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மருந்து வாங்குகிறவன் கேட்கிற சந்தேகம். அவர் என்ன சொல்ல முடியும்?

“கீழ் இமைய இழுத்துப் புடிங்க. அண்ணாந்து பாருங்க. ஒரு சொட்டுப் போதும்.”

“விழுந்துச்சுங்களா?”

“கன்னத்துல விழுந்துச்சுங்க.”

“இப்ப?”

“இப்ப விழுந்துச்சு. கண்ணை மூடுங்க. மூக்கோரத்துல வெரல் வெச்சு அமுக்குங்க, மருந்து மூக்குக்குள்ள எறங்கிரக் கூடாது. ரெண்டு நிமிசம். நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது.”

அவன் படிக்குக் கீழே, ஆடிக் காற்றில் சட்டை படபடக்க, கண்ணை மூடி நிற்பான். அவள் மெதுவாக எண்ணுவாள்.

இதுநாள்வரை எல்லோரும் அவளைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பார்த்துவிட்டுப் போனவர்கள், கண்ணாடியைப் பார்த்து முகம் மாறியவர்கள். பார்க்கப்பட்டுப் பார்க்கப்பட்டே சலித்துப்போன பெண் அவள். அவளாக ஒருவனைப் பார்த்ததில்லை. இப்போது அந்த இரண்டு நிமிஷமும் அவள் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய பஞ்சு இழை, மீசை ஓரத்தில் சின்னத் தழும்பு, வேலைக் களைப்பில் தொங்கிய தோள், நம்பி மூடிய இமைகள்... ஒன்பது பவர் கண்ணாடி வழியாக எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடி இருப்பதற்காக வாழ்க்கையில் முதன்முறையாக அவள் சந்தோஷப்பட்டாள்.

பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. தறிக்குடோனில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தானாம். ஒரே டப்பி பழக்கம் ஒழிந்ததாம். அவள் பெயரைக் கடைப் பில்லில் இருந்த கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டானாம். என்ன கூட்டம் என்று ஒரு நாள் போகிற போக்கில் கேட்டான். கொங்குநாட்டில் அந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. ஒரே கூட்டமென்றால், அதாவது ஒரே குலமென்றால், அண்ணன் தங்கை முறை, பேச்சே இல்லை. சொன்னாள். “அப்படீங்களா” என்று அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அவனுடையது வேறு கூட்டம். அன்றைக்கு ராத்திரி சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஆவணி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை, மருந்து ஊற்றிக் கண்ணை மூடிய நிலையிலேயே அவன் சொன்னான்.

“இந்த வாரத்துல ஊட்ல பொண்ணு பாக்கப் போறாங்க.”

உதட்டோரத்தில் ஒரு குறும்பு இருந்ததோ என்னவோ, அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. எண்ணிக்கொண்டிருந்த எண் மறந்துபோயிற்று. அடுத்தவளுக்குப் போகிற மாப்பிள்ளையின் முன்னால் நின்று இவ்வளவு நாள் எண்ணிக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே ஒரு கசப்பு.

“நல்லதுங்க. கண்ணு விசயம் அவங்ககிட்ட சொல்லியாச்சுங்களா?”

“அம்மா வேண்டாங்கறாங்க. ஆயுசுக்கும் மருந்துன்னா ஆரு பொண்ணு குடுப்பாங்க, அப்பறம் சொல்லிக்கலாம்னு...”

அப்பறம் சொல்லிக்கலாம். அதே வார்த்தை. அவளுடைய அம்மா எட்டு முறை சொன்ன அதே வார்த்தை.

“மறைச்சுக் கட்டறவங்களைக் கண்டா எனக்கு ஆகாதுங்க,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “நாளைக்கு அந்தப் பொண்ணு மேசையில மருந்து டப்பியப் பாத்துப்போட்டு நிக்கும். அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?”

அவன் கண்ணைத் திறந்துவிட்டான். அவள் சொல்வதற்கு முன்பே. குறும்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“அது சரிதானுங்க,” என்றான். “வாரேனுங்க.”

செவ்வாய்க்கிழமை ஆறு மணி ஆயிற்று, ஆறரை ஆயிற்று. அவன் வரவில்லை. மருந்தாவது ஊற்றிக்கொண்டானா... ஏழு மணி வரைக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டே மாத்திரைகளைத் தப்புத் தப்பாக எண்ணினாள்.

*

“நாளைக்குப் புதன்கிழமை, உன்னையப் பாக்க ஒறம்பரை வாராங்க,” என்றாள் பழனியாத்தாள் அன்று ராத்திரி. “பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காது. பக்கத்துலதான், தறி ஓட்டறாங்களாம். பையன் பேரு...”

“வேண்டாம்மா. பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?”

பல்லடத்தில் கல்லை விட்டெறிந்தால் தறிக்காரர் மேல்தான் விழும். ஒன்பதாவது ஆள். பெயரைத் தெரிந்துகொண்டால் அப்புறம் அதை மறக்க வேறு பாடுபட வேண்டும்.

“ஆனா கண்ணாடியக் கழட்ட மாட்டேன்.”

அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தாள். அம்மா சண்டை போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். “எனக்கும் ஓஞ்சு போச்சு கண்ணு,” என்றாள். “ஒவ்வொருத்தன் ஊட்டு வாசல்லயும் உங்கப்பன் போயித் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்துப் பாத்து... இந்த ஒரு வாட்டி. இதோட நான் கேக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள்.

மறைத்துக் கட்டுகிறவர்களைக் கண்டால் ஆகாதாம்! நேற்றுத்தான் ஒருவனைப் பார்த்து மூஞ்சிக்கு நேராகச் சொன்னது. அவனாவது தன் அம்மா பேச்சைச் சொன்னான். நீ உன் கையாலேயே கழற்றிக் கொடுத்தாய். உனக்கு அவனைப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

புதன்கிழமை சாயங்காலத்துக்கு ஒத்திகை பழையதுதான். சமையலறை வாசற்படியிலிருந்து ஏழு அடி வைத்தால் நாற்காலிகள். மாப்பிள்ளைக்கு எப்போதும் நீல நாற்காலி. மற்றதெல்லாம் சிவப்பு. முதல் காப்பி நீலத்துக்கு. அங்கே நின்று, ஒரு நொடி நிமிர்ந்து, நாணத்தோடு குனிய வேண்டும். எட்டு பேரிடம் குனிந்து பழகிய கழுத்து.

தட்டோடு வந்தாள். முன்னால் கலங்கலாக வெள்ளை வெள்ளையாகச் சில உருவங்கள். ஏழு அடி. நீலம் தெரிந்தது. காப்பியை நீட்டினாள். நிமிர்ந்தாள். குனிந்தாள்.

“எனக்கு எதுக்கு சாமி இவ்வளவு வெக்கம்?” என்றது நீல நாற்காலி. அறுபது வயதுக் குரல். மாப்பிள்ளையின் பெரியப்பா.

யாரோ சிரித்தார்கள். கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடினால் எந்தக் கதவில் மோதுவோம் என்பதும் தெரியாது. அதனால் அங்கேயே நின்றாள்.

மூலையில் சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

“ஏனுங்க,” என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். “மருந்து ஊத்தற நேரமாயிருச்சு. விழுதான்னு சித்தெ பாத்துச் சொல்றீங்களா?”

தினமும் ஆறு மணிக்குக் கேட்கிற குரல்; தட்டோடு அந்தப் பக்கம் திரும்பினாள்.

“கிருபா,” என்று ஒரு பெண் குரல் பதறியது. அவனுடைய அம்மா ராசாத்தாள். “அது ஒண்ணுமில்லீங்க, தூசி பட்டுச்சுன்னு சும்மா...”

“தூசி இல்லீங்க.” அவன் எழுந்து நின்றதை நாற்காலி நகர்ந்த சத்தத்தில் தெரிந்துகொண்டாள். “எனக்குக் கண்ணுல பிரஷருங்க. எடது கண்ணுல ஓரமாத் தெரியாது. ஆயுசுக்கும் மருந்து ஊத்தோணும். எங்கம்மா சொல்ல வேண்டாம்னாங்க. இந்தம்மணிதான் மறைச்சுக் கட்டக் கூடாதுன்னு சொன்னாங்க. அதனால இவங்க ஊட்லயே சொல்லிப்போட்டேன்.”

அவன் பார்த்திருப்பான். கண்ணாடி இல்லாமல் அவள் வந்ததையும், பெரியப்பா முன்னால் குனிந்ததையும். அன்றைக்கு அப்படிப் பேசினவள் தானே மறைத்துக்கொண்டு நிற்பதையும். அவன் நினைத்தால் இப்போது குத்திக் காட்டலாம். ‘நீங்க மட்டும் யோக்கியமா’ என்று கேட்கலாம்.

அவன் கேட்கவில்லை. மருந்து டப்பியை நீட்டியபடி நின்றான்.

“எனக்கு இங்கிருந்து உங்க முகம் தெரியாதுங்க,” என்றாள் கோகிலவாணி. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. “எனக்குச் சின்ன வயசுலயிருந்து கிட்டப் பார்வை. மைனஸ் ஒம்பது. கண்ணாடி இல்லாட்டி நான் பாதிக் குருடிங்க. இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

அம்மா தடுக்கவில்லை. தையல் மிஷின் பெட்டிக்குள்ளிருந்து அவளே எடுத்துக் கொண்டுவந்து, மகள் கையில் வைத்தாள். மாட்டினாள். கூடம் கூடமாயிற்று, முகங்கள் முகங்களாயின. நடுவில் அவன். கண்ணில் பழைய சிவப்பு இல்லை.

தட்டை வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றாள். இந்த முறை டப்பியை அவளே வாங்கினாள். கீழ் இமையை மெல்ல இழுத்தாள். விரல் அவன் கன்னத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு.

“மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது.”

பின்னால் அம்மாக்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராசாத்தாள் ஒரு பெருமூச்சு விட்டாள். “கண்ணாடி போட்டாப் பளிச்சுனுதான் இருக்குது புள்ள,” என்றாள். “இதுக்குப் போயி ஏனுங்க மறைச்சீங்க?” “நீங்க எதுக்குங்க மறைச்சீங்க?” என்றாள் பழனியாத்தாள். இரண்டு பேருக்கும் பதில் தெரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் அலுத்தும் போயிருந்தது. ராசாத்தாள் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, “அப்பறம், உப்புச் சர்க்கரைய எப்ப வெச்சுக்கலாமுங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது.

கோகிலவாணிக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க,” என்றான் அவன், கண்ணை மூடியபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். “அன்னிக்குத் திங்கக்கிழமை, பொண்ணு பாக்க உங்க ஊட்டுக்குத்தான் வர்றோம்னு சொல்ல வந்தேன். நீங்க பேசினதுல சொல்ல முடியாமப் போச்சு.”

“தெரியுதுங்க.”

“இன்னொண்ணு.” அவன் தயங்கினான். “எனக்கு ஒரு வாரத்துலயே சரியா ஊத்த வந்துருச்சுங்க. அப்பறம் கன்னத்துல உட்டதெல்லாம்... வேணும்னேதான்.”

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது.

“நானும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க,” என்றாள். “மருந்துக்கு ரெண்டு நிமிசம் போதும். தெனமும் நான் உங்களை அஞ்சு நிமிசம் நிக்க வெச்சிருக்கேன்.”